மௌனம் சம்மதம் ஆன கதை

போன தீபாவளிக்கு மதுரை போயிருந்தேன். சித்தப்பா பலகாரத் தட்டை வைத்த கையோடு ஒரு காகிதக் கட்டையையும் என் முன்னால் வைத்தார். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் அல்லவா, பதினொரு மாதத்துக்கும் பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு வரியை மட்டும் மஞ்சள் மார்க்கரால் அடித்து வைத்திருந்தார். மாதம் 499 ரூபாய். மொத்தம் 5,489.

நடந்தது இதுதான். யாரோ ஒரு வாடிக்கையாளர் அவசரமாக ஒரு பி.டி.எஃப். கோப்பைத் திருத்தித் தரச் சொல்லியிருக்கிறார். சித்தப்பா தேடிப் பிடித்து ஒரு செயலியை இறக்கினார். "7 நாள் இலவசம்" என்றது. கார்டு நம்பர் கேட்டது, கொடுத்தார். ஓ.டி.பி. கேட்டது, அதையும் கொடுத்தார். வேலை முடிந்தது, வாடிக்கையாளர் 20 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் செயலியைச் சித்தப்பா அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. அது மட்டும் இவரை மறக்கவில்லை.

"நான் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லலையேடா. சொல்லாததுக்கு எப்படிக் காசு எடுக்கலாம்? நீ லா படிக்கிறவன்தானே, சொல்லு" என்றார்.

வீட்டில் சித்திக்குக்கூட இதை அவர் சொல்லவில்லை. பணம் போனதை விட, ஏமாந்துவிட்டோம் என்ற வெட்கம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. நாலு எழுத்து படித்த மனிதர், தினம் நூறு பேருக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறவர், தன் கார்டில் மாதாமாதம் ஓட்டை விழுவதைப் பார்க்காமல் இருந்துவிட்டாரே என்று.

அவருக்கு அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. விடுதிக்குத் திரும்பிய பிறகு நூலகத்தில் உட்கார்ந்து தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. சித்தப்பாவின் கேள்விக்கு 160 வயதுக்கு மேல் ஆகிறது நண்பர்களே. அதை முதலில் கிளப்பியதும் ஒரு சித்தப்பாதான் (பெரியப்பாவாகவும் இருக்கலாம், மாமாவாகவும் இருக்கலாம், ஆங்கிலத்தில் எல்லாம் ஒன்றுதானே!).

சட்டக் கல்லூரி முதலாண்டில் எல்லோரும் படிக்கும் வழக்கு அது. ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி, இங்கிலாந்து, 1862. ஃபெல்ட்ஹவுஸ் என்ற பெரியவர் தன் அண்ணன் தம்பி வழிப் பையனிடம் ஒரு குதிரை வாங்கப் பேரம் பேசினார். விலையில் குழப்பம். பெரியவர் 30 பவுண்டு என்று நினைத்தார், பையன் 30 கினி என்று நினைத்தான். ஒரு கினி என்பது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். ஆக வித்தியாசம் 30 ஷில்லிங். பெரியவர் வித்தியாசத்தைப் பாதியாகப் பிரித்து 30 பவுண்டு 15 ஷில்லிங் என்று கடிதம் எழுதினார். இனி நீ ஒன்றும் எழுதாவிட்டால் குதிரை என்னுடையது என்றே எடுத்துக்கொள்வேன் என்பதாக முடித்தார். பையன் பதில் எழுதவில்லை. ஆனால் அவன் மனதுக்குள் சரி என்றுதான் இருந்தான். தன் பண்ணைப் பொருட்களை ஏலம் விட வந்த பிண்ட்லியிடம், அந்தக் குதிரையை மட்டும் ஏலத்தில் சேர்க்காதே என்று சொல்லியிருந்தான். பிண்ட்லி மறந்துபோய் அதையும் விற்றுவிட்டார். என் குதிரையை எப்படி விற்கலாம் என்று பெரியவர் வழக்குப் போட்டார்.

தோற்றார். பையன் மனதில் சம்மதம் இருந்திருக்கலாம், ஆனால் அதை அவன் பெரியவருக்குத் தெரிவிக்கவே இல்லை. "நீ பேசாமல் இருந்தால் ஒப்பந்தம்" என்று ஒருவர் தானாக இன்னொருவர் தலையில் கட்ட முடியாது. இதுதான் நீதிமன்றம் சொன்னது. நம் ஊரில் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று பெண் பார்க்கும் இடத்தில் சொல்வோம். ஒப்பந்தச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது சித்தப்பாவின் 5,489 ரூபாய் எந்தச் சந்து வழியாகப் போனது?

அந்தச் சந்து கொஞ்சம் பழையது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் செய்தித்தாள்களில் "பத்திரிகைச் சட்டம்" என்ற தலைப்பில் ஒரு சின்ன அறிவிப்பு அடிக்கடி வரும். வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதித் தெரிவிக்காத சந்தாதாரர், சந்தாவைத் தொடர விரும்புவதாகவே கொள்ளப்படுவார் என்பது அதன் சாரம். ஊர் ஊராக ஒரு பத்திரிகையைப் பார்த்து இன்னொன்று போட்டது. சந்தா பாக்கி வசூலாகாமல் தவித்த பத்திரிகை ஆசிரியர்கள் தங்களுக்குச் சாதகமான சட்டத்தைத் தாங்களே அச்சடித்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அச்சில் இருந்தால் சட்டம்தானே. :)

ஆனால் இதை ஒரு பெரிய வியாபார முறையாகவே ஆக்கியது 1926இல் நியூயார்க்கில் தொடங்கிய "புக் ஆஃப் த மந்த் கிளப்". ஹாரி ஷெர்மன், மேக்ஸ் சாக்ஹைம், ராபர்ட் ஹாஸ் என்று மூன்று பேர். இதில் ஷெர்மனும் சாக்ஹைமும் விளம்பரத் துறை ஆட்கள். இதற்கு முன்பே சாக்லெட் பெட்டிக்குள் உள்ளங்கை அளவு ஷேக்ஸ்பியர் நாடகப் புத்தகத்தை வைத்து விற்றவர்கள்! அந்தக் காலத்து அமெரிக்காவில் பெரிய நகரங்களை விட்டால் நல்ல புத்தகக் கடை கிடையாது. தபால்காரர் எல்லா ஊருக்கும் போவார். ஐந்து எழுத்தாளர்கள், பத்திரிகையாளர்கள் கொண்ட நடுவர் குழு மாதம் ஒரு புத்தகம் தேர்ந்தெடுக்கும், அது உங்கள் வீடு தேடி வரும். 1926 ஏப்ரலில் முதல் புத்தகமாக சில்வியா டவுன்செண்ட் வார்னர் எழுதிய "லாலி வில்லோஸ்" 4,750 உறுப்பினர்களுக்குப் போனது.

நல்ல யோசனைதான். ஆனால் சீக்கிரமே ஒரு தலைவலி வந்தது. பிடிக்காத புத்தகத்தைத் திருப்பி அனுப்பலாம் என்று விதி. ஆட்கள் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். போகிற தபால் செலவு, வருகிற தபால் செலவு, கசங்கிய புத்தகம் எல்லாம் கிளப்பின் தலையில். அப்போதுதான் அந்த ஏற்பாடு வந்தது. சாக்ஹைமின் யோசனை என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். அடுத்த மாதப் புத்தகம் இன்னது என்று முன்கூட்டியே ஒரு அறிவிப்பும் கூடவே ஒரு படிவமும் அனுப்புவார்கள். வேண்டாம் என்றால் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் புத்தகம் புறப்பட்டுவிடும், கூடவே பில்லும்.

எவ்வளவு சின்ன மாற்றம் பாருங்கள். முன்பு வாங்குவதற்கு ஒரு வேலை செய்ய வேண்டும், இப்போது வாங்காமல் இருப்பதற்கு ஒரு வேலை செய்ய வேண்டும். மனிதனின் சோம்பலும் மறதியும் அது வரை கடைக்காரனுக்கு எதிரியாக இருந்தன. அன்று முதல் அவை அவனுடைய பங்காளிகள்.

ஃபெல்ட்ஹவுஸ் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். அந்தப் பையன் எப்போதும் எதற்கும் தலையாட்டவில்லை. கிளப் உறுப்பினரோ சேரும்போது ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறார். "நான் பேசாமல் இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவரே முன்கூட்டி ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு முறை சொன்ன ஆமாம், அதற்குப் பின் வரும் எல்லா மௌனங்களுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறது. சித்தப்பாவின் ஓ.டி.பி. அந்தக் கையெழுத்துதான்.

இந்த முறையைப் பிறகு எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அதில் பிரபலமானது இசைத்தட்டு கிளப். சி.பி.எஸ். நிறுவனம் 1955இல் தொடங்கிய கொலம்பியா ரெக்கார்டு கிளப், பிற்காலத்தில் கொலம்பியா ஹவுஸ். ஒரு சென்ட் நாணயத்தைப் படிவத்தில் ஒட்டி அனுப்பினால் பன்னிரண்டு கேசட், பன்னிரண்டு சி.டி. என்றெல்லாம் விளம்பரம் வரும். டாலரில் நூறில் ஒரு பங்குக்கு! அதற்குப் பிறகு முழு விலையில் இத்தனை வாங்க வேண்டும், மாதாமாதம் வரும் அட்டையில் வேண்டாம் என்று எழுதி அனுப்ப மறந்தால் அந்த மாதத் தேர்வு வீட்டுக்கு வரும். அமெரிக்க மாணவர்கள் சும்மா இருப்பார்களா? பொய்ப் பெயரில், நாய்க்குட்டி பெயரில் எல்லாம் சேர்ந்து ஒரு சென்டுக்கு சி.டி. வாங்கிவிட்டுக் காணாமல் போனவர்கள் ஏராளம். அப்படிக் காணாமல் போக முடிந்தது என்பதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

புகார்கள் குவிந்து, 1970களில் அரசு உள்ளே வந்தது. 1970இல் வந்த அஞ்சல் சட்டம், கேட்காமல் தபாலில் அனுப்பிய பொருளை வந்தவர் அன்பளிப்பாகவே வைத்துக்கொள்ளலாம் என்றது. பிறகு 1973இல் அமெரிக்க ஃபெடரல் டிரேடு கமிஷன், இந்த கிளப்புகளுக்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று பதில் சொல்ல உறுப்பினருக்குக் குறைந்தது 10 நாள் தர வேண்டும். அந்த அவகாசம் தராமல் அனுப்பிய புத்தகத்தைத் திருப்பினால் முழுப் பணத்தையும் வரவு வைக்க வேண்டும்.

கவனித்தீர்களா? மௌனம் சம்மதம் ஆகலாமா என்ற கேள்வியைக் கமிஷன் தள்ளி வைத்துவிட்டது. ஆகலாம், ஆனால் 10 நாள் கழித்து ஆகட்டும் என்று முடித்துக்கொண்டது. இன்னொரு ஓட்டையும் விட்டது. முன்னறிவிப்பு அனுப்பி விற்கும் கிளப்புகளுக்கு மட்டும்தான் அந்த விதி. முதலில் இலவசம் பிறகு கட்டணம், ஆண்டு முடிந்தால் தானே புதுப்பித்தல் போன்றவை அதற்குள் வரவில்லை. அன்றைக்கு அது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது.

இப்போது கிரெடிட் கார்டுக்கு வருவோம். 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் சுமார் 60,000 பேருக்கு அவர்கள் கேட்காமலேயே கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. பிற்காலத்தில் விசா ஆனது அந்த கார்டுதான். ஆக கிரெடிட் கார்டே "நீ கேட்கவில்லை, இருந்தாலும் வைத்துக்கொள்" என்று பிறந்த குழந்தை! இப்படிக் கேட்காமல் கார்டு அனுப்புவதை அமெரிக்கா 1970இல்தான் தடை செய்தது. 1974இல் இன்னொரு நல்ல சட்டம் வந்தது. ஸ்டேட்மென்டில் தப்பான தொகை இருந்தால், அது வந்த 60 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம், வங்கி 30 நாளுக்குள் கடிதம் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், அதிகபட்சம் 90 நாளுக்குள் தீர்க்க வேண்டும்.

கார்டு என்ன மாற்றியது என்பதுதான் இந்தக் கதையின் நடுத்தூண் என்று நினைக்கிறேன். இசைத்தட்டு கிளப் மாணவன் காணாமல் போனான் அல்லவா? அவன் போக முடிந்ததற்குக் காரணம், பொருள் முதலில், பணம் பிறகு. பில் வந்தாலும் செக் எழுதுவது அவன் கை. கட்டாவிட்டால் கம்பெனிதான் கடிதம் மேல் கடிதம் போட்டு அவன் பின்னால் அலைய வேண்டும். கார்டு நம்பர் கம்பெனியின் கையில் போனதும் இது தலைகீழானது. பணம் முதலில் போய்விடுகிறது. அலைய வேண்டியது நீங்கள். 1926இல் மௌனத்தின் அர்த்தம் "அனுப்பு". கார்டு வந்த பிறகு அதே மௌனத்தின் அர்த்தம் "எடுத்துக்கொள்".

இன்டர்நெட் வந்ததும் பொருளும் மறைந்துவிட்டது. புத்தகம் என்றால் மேஜையில் கிடக்கும், பிரிக்காத சி.டி. கண்ணில் படும். திறக்காத செயலி எங்கே கண்ணில் படும்?

1990களில் அமெரிக்க வீடுகளுக்கெல்லாம் இலவச வட்டுகளை அனுப்பி இன்டர்நெட் இணைப்பு விற்ற ஏ.ஓ.எல்.லைச் சொல்லாமல் இருக்க முடியாது. சேர்வது சுலபம், விலகுவதற்குப் போன் செய்ய வேண்டும். எதிர்முனையில் இருப்பவருக்கோ, விலக வருபவரை எத்தனை பேர் தக்கவைத்தார் என்பதைப் பொறுத்து போனஸ். வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் கட்டணம் தொடர்ந்தது என்ற புகார்களின் மேல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் விசாரித்து, 2005இல் ஏ.ஓ.எல். 12.5 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அடுத்த வருடமே, 2006இல், ஒரு வாடிக்கையாளர் கணக்கை முடிக்கச் சொல்லித் தான் பேசிய போன் உரையாடலைப் பதிவு செய்து வெளியிட்டார். அவர் திரும்பத் திரும்ப "முடித்துவிடுங்கள்" என்கிறார், ஊழியர் திரும்பத் திரும்ப ஏன், எதற்கு என்று இழுக்கிறார். நாடே கேட்டுச் சிரித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, அந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கியது. போனஸ் திட்டம் போட்டவர் யாரோ, வேலை போனது யாருக்கோ. ஏ.ஓ.எல்.லின் அந்தப் பழைய டயல்-அப் சேவை 2025 செப்டம்பர் 30 வரை ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்கே ஆச்சரியம்.

இதைவிட மோசமான ஒன்று 2009இல் வெளியே வந்தது. ஒரு தளத்தில் பூங்கொத்தோ சினிமா டிக்கெட்டோ வாங்குகிறீர்கள். வாங்கி முடித்ததும் "அடுத்த முறை 10 டாலர் தள்ளுபடி" என்று ஒரு பக்கம் வருகிறது. மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். அவ்வளவுதான், உங்களுக்குப் பெயரே தெரியாத ஏதோ ஒரு சலுகை கிளப்பில் உறுப்பினர். கார்டு நம்பர்? நீங்கள் பூ வாங்கிய தளமே அதை அந்த கிளப்புக்குக் கைமாற்றிவிடும். ஜே ராக்ஃபெல்லர் தலைமையிலான அமெரிக்க செனட் வர்த்தகக் குழு அஃபினியன், வெர்ட்ரூ, வெப்லாயல்டி என்ற மூன்று கம்பெனிகளை விசாரித்தது. அவர்களும் கூட்டாளித் தளங்களுமாக 140 கோடி டாலருக்கு மேல் இப்படிச் சம்பாதித்திருந்தார்கள். தாங்கள் உறுப்பினர் என்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. 2010 டிசம்பரில் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. கார்டு விவரத்தைக் கைமாற்றக் கூடாது, வெளிப்படையாகச் சம்மதம் வாங்க வேண்டும், நிறுத்துவதற்கு எளிய வழி தர வேண்டும். 1973இல் விட்ட ஓட்டையை அடைக்க 37 வருடம்.

"எளிய வழி" என்றால் என்ன? இந்த இரண்டு வார்த்தைக்குத்தான் இன்றைக்கு வரை சண்டை. 2023 ஜூனில் கமிஷன் அமேசான் மேல் வழக்குப் போட்டது. பிரைம் சந்தாவை நிறுத்தப் போகும் வழியை நிறுவனத்துக்குள்ளேயே "இலியட்" என்று அழைத்தார்கள் என்பது குற்றச்சாட்டில் ஒன்று. ட்ராய் போரைப் பற்றிய ஹோமரின் முடிவில்லாத காவியம்! நம் ஊராக இருந்தால் மகாபாரதம் என்று வைத்திருப்பார்கள். 2025 செப்டம்பரில் அமேசான் தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலேயே 250 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. 100 கோடி அபராதம், 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர. இதற்கிடையில் 2024 அக்டோபரில் கமிஷன், சேருவது எவ்வளவு சுலபமோ விலகுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று பொது விதியே கொண்டுவந்தது. 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதி தப்பு என்று சொல்லவில்லை. பொருளாதாரத் தாக்கத்தை முன்கூட்டியே ஆராயும் ஒரு கட்டாய நடைமுறையைக் கமிஷன் தவிர்த்துவிட்டது என்று சொன்னது.

மறதி எவ்வளவு லாபம் என்று யாராவது அளந்திருக்கிறார்களா என்று தேடினேன். அளந்திருக்கிறார்கள். ஐனாவ், குளோபேக், மஹோனி என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2023இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கார்டு காலாவதியாகிப் புது கார்டு வரும் மாதத்தில் சந்தாவைத் தொடர வாடிக்கையாளர் தானாக ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். அந்த மாதத்தில் விலகுபவர்கள் எண்ணிக்கை திடீரென்று ஏறுகிறது. அதாவது அது வரை கட்டியவர்களில் பலர் விரும்பிக் கட்டவில்லை, கவனிக்காமல் கட்டினார்கள். இந்தக் கவனமின்மையால் விற்பவர்களின் வருமானம், சேவையைப் பொறுத்து, 14 சதவீதம் முதல் 200 சதவீதத்துக்கு மேல் வரை கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, ஏமாந்தது தான் மட்டும் இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

நம் நாட்டுக்கு வருவோம். நமக்கு இந்தப் பாடம் கிரெடிட் கார்டில் தொடங்கவில்லை, செல்போனில் தொடங்கியது. காலர் டியூன் ஞாபகம் இருக்கிறதா? ஏதோ ஒரு பொத்தானை அழுத்தியதற்கு மாதம் 30 ரூபாய் போய்க்கொண்டே இருக்கும். டாப்-அப் செய்த பணம் பேசாமலேயே கரைகிறது என்று புலம்பாத வீடு இல்லை. ட்ராய் அமைப்பு 2011லும் 2013லும் இரட்டை ஒப்புதல் வேண்டும் என்று உத்தரவு போட்ட பிறகுதான் அது அடங்கியது.

கார்டு விஷயத்தில் ரிசர்வ் வங்கி செய்தது உலகத்தில் பலரும் செய்யாதது. 2009 ஆகஸ்டிலேயே இணையத்தில் கார்டு பயன்படுத்தக் கூடுதலாக ஒரு கடவுச்சொல் கட்டாயம் ஆனது. பிறகு 2019 ஆகஸ்டில் தொடர் கட்டணங்களுக்கென்று தனிச் சுற்றறிக்கை. பலமுறை தள்ளிப்போய் 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. முதல் முறை ஓ.டி.பி. வேண்டும். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சலில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அந்த ஒரு முறையோ மொத்தமாகவோ நிறுத்தலாம். நிறுத்தும் வசதியை வங்கியே இணையத்தில் தர வேண்டும், அதற்குக் கட்டணம் கூடாது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. வேண்டும். முதலில் 2,000 ரூபாய், பிறகு 5,000 ரூபாய் என்று இருந்த அந்த வரம்பு 2022 ஜூனில் 15,000 ஆனது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். அமலுக்கு வந்த மாதம் பாதி சந்தாக்கள் நின்றுபோய் எல்லோரும் ரிசர்வ் வங்கியைத் திட்டினார்கள். எனக்கென்னவோ அது திட்ட வேண்டிய விஷயமாகத் தெரியவில்லை. நிறுத்தும் கதவைக் கடைக்காரனின் வீட்டில் வைக்காமல் வங்கியில் வைத்தது பெரிய விஷயம். ஏ.ஓ.எல். போனில் கெஞ்சிய அந்த மனிதருக்கு இது இருந்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பொங்கலுக்கு மதுரை போனேன். "சித்தப்பா, உங்க போனைக் குடுங்க" என்று வாங்கி, அந்தக் கம்பெனியின் பெயரை மெசேஜில் தேடினேன்.

பதினொரு எஸ்.எம்.எஸ். இருந்தன. ஒவ்வொரு மாதமும், பணம் போவதற்கு முந்தைய நாள், ஒன்று தவறாமல். லோன் வேண்டுமா, வீட்டுமனை வேண்டுமா என்று வரும் நூற்றுக்கணக்கான மெசேஜ்களுக்கு நடுவில், ஆங்கிலத்தில். சித்தப்பா ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

எனக்குச் சட்டென்று 1926இன் அந்தப் படிவம் ஞாபகம் வந்தது. அதே படிவம்தான். வேண்டாம் என்றால் சொல், சொல்லாவிட்டால் அனுப்பிவிடுவோம். 1973 விதி அமெரிக்கக் கிளப் உறுப்பினருக்கு 10 நாள் கொடுத்தது. நம் சித்தப்பாவுக்கு 24 மணி நேரம், அதுவும் கடையில் கூட்டம் நிற்கும்போது. ரிசர்வ் வங்கியின் விதியைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் அது மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை மாற்றவில்லை. அறிவிப்பைத்தான் ஒழுங்குபடுத்தியிருக்கிறது. மெசேஜ் தமிழில் வந்திருந்தால், அல்லது மூன்று மாதம் பயன்படுத்தாத சந்தாவுக்கு மறுபடி ஓ.டி.பி. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளில் "சந்தாப் பொறி"யையும் சேர்த்திருக்கின்றன. அது விலக முடியாமல் சுற்றவிடுவதைப் பிடிக்கும். மறந்துபோனவரை அது பிடித்து எழுப்பாது.

செய்தது என்ன என்று கேட்பவர்களுக்கு: வங்கியின் தளத்தில் நுழைந்து, கார்டுப் பகுதியில் தொடர் கட்டணங்களின் பட்டியலைக் கண்டுபிடித்தோம் (மூன்று மெனுவுக்கு அடியில் இருந்தது). அங்கே ரத்து செய்தோம். செயலிக் கணக்கிலும் தனியாக ரத்து செய்தோம், ஏனென்றால் வங்கியில் நிறுத்தினால் பணம் நிற்குமே தவிர ஒப்பந்தம் முடியாது. செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று சித்தப்பா எப்போதோ போனிலிருந்து அதை நீக்கியிருந்தார். நிற்காது. பயன்படுத்தவே இல்லை என்பதைச் சொல்லிக் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதினோம், கடைசி மாதத்து 499 மட்டும் திரும்பி வந்தது. வங்கியில் புகார் செய்தபோது, ஓ.டி.பி. நீங்கள் கொடுத்தது, முன்னறிவிப்பும் வந்திருக்கிறது, ஆகவே இது அனுமதியில்லாத பரிவர்த்தனை ஆகாது என்றார்கள். படித்த வரைக்கும் அவர்கள் சொன்னது சரிதான். பாக்கி 4,990 போனது போனதுதான்.

பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது. மாதம் 149 ரூபாய், ஒரு படம் பார்க்கும் தளம். "இது என்ன சித்தப்பா, இதையும் எடுத்துடலாமா?" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். உள்ளே திரும்பிச் சித்தியைக் கூப்பிட்டு விசாரித்தார். சித்தி அடுப்படியிலிருந்து ஏதோ சத்தமாகச் சொன்னார்.

"இருக்கட்டும்டா, உங்க சித்தி தினம் சாயங்காலம் பார்க்கிறாளாம். அது வேணும்" என்றார்.